எதிர்பாராத விடுப்பு: முன்கூட்டியே ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மனிதவள மேலாளர் அவர்கள், தலைமை அலுவலகம்.

பொருள்: இனிமேல் நடக்கவிருக்கும் எதிர்பாராத சம்பவங்களுக்கு விடுப்பு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 'எதிர்பாராத விடுப்பை மூன்று வேலை நாள்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்' என்னும் தங்கள் சுற்றறிக்கை.

ஐயா,

சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே, ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அந்தத் தற்செயல் எந்தத் தேதியில் நடக்கும் என்று கேட்டுவைக்கச் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. தங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

கணக்குப் பிரிவுக்காரி என்பதால் காலண்டரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 7ஆம் தேதி டிடிஎஸ். 11 ஜிஎஸ்டிஆர்-1. 15 பிஎஃப், இஎஸ்ஐ. 20 ஜிஎஸ்டிஆர்-3பி. 26 முதல் சம்பளப் பட்டியல். ஆக, எனக்குக் காய்ச்சல், மாமியார் வழுக்கி விழுவது, பையனுக்கு அம்மை, ஊரில் பெரியவர்கள் காலமாவது எல்லாமே 21க்கும் 25க்கும் நடுவில் முடிந்தாக வேண்டும். மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டே, ஏப்ரல் முதல் வாரத்தில் படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு சபலம். வருஷக் கணக்கு முடிப்பு நினைவுக்கு வந்தது, அழித்துவிட்டேன். சம்பந்தப்பட்டவர்களிடம் தேதிகளைச் சொல்லியாயிற்று. ஊரிலிருக்கும் 92 வயதுப் பெரியப்பா மட்டும், "பாக்கலாம் கண்ணு" என்று இழுத்தார்.

'மாற்று ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்த பின்பே செல்ல வேண்டும்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் குடல்வால் அறுவைக்குப் போனபோது அப்படித்தான் செய்தேன். அலுவலகத்துக்கு நாலு பக்கம், வீட்டுக்கு ஏழு பக்கம். வீட்டுப் பிரதி பிரிட்ஜ் கதவில்: பால் கார்டு, மாமியாரின் காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது, தண்ணீர் வரும் நேரம், மோட்டார் சுவிட்ச் இடமிருந்து மூன்றாவது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது போன் அடித்தது. "மேடம், டேலி பாஸ்வேர்டு?" மாற்று ஆள் அன்றைக்கு எதிர்பாராத விடுப்பாம். வைத்த கையோடு வீட்டுக்காரர்: "ஏம்மா, உறைமோர் எங்க இருக்கு?" அது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. ஐந்தாம் பக்கம் இருக்கும் பிரிட்ஜுக்குள்தான் உறைமோரும் இருந்தது.

அலுவலகத்திலாவது வராதவருக்கு ஒரு படிவம் உண்டு. வீட்டில் வருகைப் பதிவேடே கிடையாது. அதனால் நான் இல்லாததை அங்கே யாரும் குறித்துக்கொள்ள முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். அந்தத் துறையையும் தாங்களே எடுத்துக்கொண்டால் என்ன?

நிற்க. இன்று 22ஆம் தேதி. காலையிலிருந்து 101 டிகிரி. தேதி விதிக்குள்தான் வந்திருக்கிறது, முன்னறிவிப்புதான் தரவில்லை. இன்றைக்கே தெரிவித்துவிட்டதால், மூன்று வேலை நாள் கழித்து 26ஆம் தேதி படுக்கத் தகுதி பெறுகிறேன். அன்றைக்குச் சம்பளப் பட்டியல். அதில் தங்கள் பெயரும் இருக்கிறது. எதை முதலில் முடிக்கட்டும் என்று தெரிவித்தால், அதுவரை பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
கணக்குப் பிரிவு, ஜன்னலோர மேசை