காய்ச்சலே வராத கார்

பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சூட்டைப் பற்றித்தான் இருக்கும். யாருடைய ரேடியேட்டர் எந்தச் சாலையில் கொதித்தது, எந்த நெரிசலில் ஆவி பறந்தது என்று பெருமையாகவே சொல்வார்கள். அங்கே போய், "என் வண்டி சூடாகவே மாட்டேன் என்கிறது" என்றால், சம்பளம் அதிகமாக வருகிறதென்று புலம்புகிறவனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்கள்.

என்னுடையது 1972 எம்ஜிபி. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்களே, அதில் ஒன்று. 1798 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். முன்பு வைத்திருந்தவர் கொதிப்புக்குப் பயந்த மனிதர். பெரிய அலுமினிய ரேடியேட்டர், ஆயில் கூலர், சாவி போட்டதுமே சுழலும் இரண்டு மின்விசிறிகள் என்று சகாராவைக் கடக்கிற அளவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். நான் இருப்பது கொவென்ட்ரியில்.

ஜனவரியில் ஆபீஸ் போய்ச் சேரும்வரை வெப்பமானி முள் 'சி' எழுத்தை விட்டு அசையாது. ஹீட்டர் காற்றுக்குக் கண்ணாடிப் பனிகூட மசியாது. சோக்கை உள்ளே தள்ளினால் எஞ்சின் இருமும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு பசை.

பசையைப் பார்த்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி "ஹெட் கேஸ்கெட்" என்றார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சின் சரியாகச் சூடேறினால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போய்விடும். இல்லையென்றால் குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு குழைந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடுவதுதான் மோசம். கொதிக்கிற எஞ்சின் ஊரைக் கூட்டிவிட்டுச் சாகும். குளிர்ந்தது வாயே திறக்காமல் தேயும்.

முள் பொய் சொல்கிறதா என்று முதலில் பார்த்தேன். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் கன்னாபின்னாவென்று குறைத்துச் சொல்லும். அதனால் தெர்மோஸ்டாட் மூடிமேல் கறுப்பு டேப் ஒட்டி அதில் காட்டினேன். 55 டிகிரி. முள் யோக்கியன்தான். மறுநாள் காலை, ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பிவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாமல் மூடியிருப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது ஒழுங்காக இருந்தால் ஹோஸ் பல நிமிடம் சில்லென்றே கிடந்து, அது திறந்ததும் சடாரென்று சுடும். இங்கேயோ ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பு மெல்ல ஏறியது. அதாவது, தெர்மோஸ்டாட் மூடியிருக்கவே இல்லை. ரேடியேட்டர் முன்னால் மாம்பழப் பெட்டி அட்டையைச் செருகிக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தேன். முள் எழுந்து உட்கார்ந்தது.

"ஸ்வெட்டர் போட்டாச்சு, குல்லா வேண்டாமா?" என்றாள் மனைவி.

மூடிக்கு மூன்றே நட்டு. ஆனால் ஐம்பது வருடத் துரு. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, தட்டி, கெஞ்சித் திறந்தால், உள்ளே தெர்மோஸ்டாட் இருந்தது. அதன் வளையம் மட்டும். நடுவிலிருந்த வால்வையும் மெழுகுக் குப்பியையும் யாரோ நிதானமாக வெட்டி எடுத்துவிட்டு, வளையத்தை மரியாதையாகத் திரும்ப வைத்திருந்தார்.

இந்த எஞ்சினுக்கு 74, 82, 88 என்று மூன்று டிகிரியில் தெர்மோஸ்டாட் கிடைக்கும். குளிருக்கு 88 வாங்கினேன். மாட்டுமுன் வெந்நீரில் போட்டுப் பார்ப்பது முறை. மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்தப் பாத்திரத்தில் பார்த்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. விசிறிகளுக்கு ஒரு வெப்ப சுவிட்ச், ஆயில் கூலருக்குத் தனியாக ஒரு தெர்மோஸ்டாட்.

இப்போது முள் நட்டநடுவில், 'என்' எழுத்தில் நிற்கிறது. எம்ஜி நண்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு கெனில்வொர்த் வரை போனேன். வழியெல்லாம் அவர் கண் முள்ளிலேயே இருந்தது. கோட்டை வாசலில் இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "பாதி வரைக்கும் ஏறுதே, இன்னும் கொஞ்சம் பெரிய ரேடியேட்டரா போட்டுப் பாரேன்" என்றார்.