பேர்ச் கணக்கும் போன் கணக்கும்

நான் சின்னவனாக இருந்த காலத்தில் எங்கள் மட்டக்களப்பு மண்டூரில் 'காணி விற்பனைக்கு' என்று ஒரு பலகையும் கண்டதில்லை. விற்கிறவருக்கு அது மானக்கேடு; வாங்குகிறவருக்குப் பலகை தேவையும் இல்லை. குருமண்வெளியில் இருந்து வாவியைக் கடக்கும் மிதவையில், நாங்கள் 'பாதை' என்பதில், ஏறி நின்றால் போதும். அது மண்டூர்க் கரையைத் தொடுவதற்குள் யார் விற்கிறார், ஏன் விற்கிறார், கடன் யாரிடம், மூத்தவளுக்கு எந்த வளவு, இளையவளுக்கு எந்த வயல் என்று முழு விபரமும் காதில் விழுந்துவிடும். கட்டணம் பாதைக்கூலி மட்டும்.

இன்று அதே பாதையில் எல்லாரும் தலையைக் குனிந்தபடி போனைத் தேய்க்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவரின் தென்னங்காணி விற்பனைக்கு வந்திருப்பதை விளம்பரத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்தக் காலத்துத் தரகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் காணித் தரகரும் கலியாணத் தரகரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். காரணம் இருக்கிறது. மட்டக்களப்புத் தமிழரிடம் வீடும் வளவும் பெண்ணோடு போகும்; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். தாய்வழி முதுசம் பற்றிப் பேசிய முக்குவர் சட்டத்தை 1876இல் பிரிட்டோ என்பவர் புத்தகமாக்கினார். அதே ஆண்டில் வந்த மரபுரிமைச் சட்டத்தோடு அது நீதிமன்றத்தில் செல்லாமல் போயிற்று. நீதிமன்றத்தில்தான் போயிற்று, ஊரில் போகவில்லை. ஆகவே வெளியூரான் ஒருவன் வேலி ஓரமாக நின்று வளவைப் பார்த்தால், வீட்டுக்காரப் பெத்தா அவனுடைய குடி என்ன, கோத்திரம் என்ன என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். காணி விலை கேட்க வந்தவன் கலியாணத்தோடு திரும்பியதும் உண்டு. இந்த வசதியை இதுவரை எந்தச் செயலியும் தரவில்லை.

தரகர் பொய் சொல்லமாட்டார் என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே சொல்லுவார். ஆனால் பொய்யை நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஆவணித் திருவிழாவில் கோயில் வீதியில் நம்மைச் சந்திக்கவும் வேண்டியிருந்தது. சின்னக் கதிர்காமம் என்று பெயரெடுத்த கந்தசுவாமி கோயில் அது. அங்கே பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுவார். தரகருக்கும் அப்படி ஒரு துணி கட்டலாம் என்று எங்கள் மாமா ஒருவர் சொல்லுவார்.

அளவு விஷயத்துக்கு வருவோம். வயல் என்றால் எத்தனை அவணம் விதைப்பு என்றுதான் பேச்சு. நிலத்தின் பரப்பை நெல்லால் சொன்ன காலம். எல்லையில் தகராறு வந்தால் வயல்வெளியைப் பார்க்கும் வட்டை விதானை வருவார், பெரிய நிலக்காரரான போடியார் வருவார். போடியார் சொன்னதுதான் எல்லை. அது நியாயமா என்று கேட்கிற தைரியம் பலருக்கு இருக்கவில்லை. பழைய காலம் பொற்காலம் என்று எழுத உட்கார்ந்தவன் இந்த இடத்தில் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும். உறுதிகளில் எல்லை 'வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஆறு' என்று இருக்கும். இன்னார் இறந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். ஆறு, அதாவது எங்கள் வாவி, மாரிக்கு ஒரு இடத்திலும் கோடைக்கு ஒரு இடத்திலும் நிற்கும். எல்லை காட்டிய மரங்களிலும் பல 1978 நவம்பர் 23 சூறாவளியில் வேரோடு போயின.

இப்போது என் மருமகனிடம் வருகிறேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறான், என் தங்கையின் மகன். ஊரில் ஒரு காணி வாங்க ஆசைப்பட்டான். ஒரு இரவு அழைத்தான்.

"மாமா, அந்த ஆத்தங்கரைக் காணி ரெண்டு றூட்டும் ஆறு பேர்ச்சும் வருகுது. அளந்திட்டன்."

"எப்ப மனே வந்தாய்? சொல்லவே இல்லையே."

"வரல்ல மாமா, போனால அளந்தன். இனி நீங்க உங்கட போனையும் எடுத்துக்கொண்டு வேலியைச் சுத்தி ஒருக்கா நடந்தா, சரியா பிழையா என்டு தெரிஞ்சிரும்."

நானும் நடந்தேன். செயலி நன்றாகத்தான் வேலை செய்தது. நடக்க நடக்கத் திரையில் பச்சைக் கோடு போட்டது. அவன் சொன்னதைவிட நாலு பேர்ச் கூடுதலாகக் காட்டியது. மறுநாள் கிறுகி எதிர்ப்பக்கமாக நடந்தேன். மூன்று பேர்ச் குறைந்தது. வேலி இருந்த இடத்தில்தான் இருந்தது. காரணம் பெரிய இரகசியம் அல்ல. திறந்த வெளியில் ஒரு சாதாரணக் கைபேசி ஏறக்குறைய 5 மீட்டர் ஆரத்துக்குள் தன் இடத்தைச் சொல்லும் என்று ஜிபிஎஸ் நடத்துகிற அமெரிக்க அரசே சொல்கிறது. தென்னை மரத்துக்குக் கீழே அதுவும் நிச்சயமில்லை. 5 மீட்டர் என்றால் 16 அடி சொச்சம். ஒரு பேர்ச் என்பது 16½ அடிச் சதுரம். ஆக, ஒவ்வொரு மூலையிலும் போன் ஏறக்குறைய ஒரு பேர்ச்சின் பக்க அளவு தடுமாறலாம். சேவையரின் 66 அடிச் சங்கிலி புதர்களுக்கிடையே இழுபட்டுப் போனாலும் இவ்வளவு தள்ளாடியதில்லை. இன்றும் உறுதி எழுதும்போது மதிப்புள்ளது நில அளவையாளர் கையெழுத்திட்ட வரைபடம்தான், பச்சைக் கோடு அல்ல.

அடுத்தது விலை. விளம்பரச் செயலிகள் பேர்ச் ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்கின்றன. கொழும்பில் அது சரி. வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் வயலையும் மேட்டையும் பேர்ச் கணக்கில் விற்றவர் யார்? ஆனால் கட்டத்தை நிரப்பாமல் விட முடியாதே. அப்படித்தான் எங்கள் ஊர்க் காணிக்கும் பேர்ச் விலை பிறந்தது. 'குருமண்வெளிக்குப் பாலம் வரப்போகுதாம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்த விலை மேலும் ஏறும். மருமகனிடம் வாடகை வருமானம் கணக்கிடும் செயலி ஒன்றும் இருந்தது. மாத வாடகை எவ்வளவு என்று அது கேட்டது. வயல் குத்தகை எங்களுக்கு நெல் மூடையில், போகத்துக்கு ஒருமுறை. அதுவும் மழை விட்டால்தான். "அதுக்குக் கட்டம் இல்ல மாமா" என்றான்.

கட்டம் இல்லாத வேறு சங்கதிகளும் உண்டு. வெல்லாவெளிப் பக்கம் யானை எந்த வழியால் இறங்கும் என்பதற்குக் கட்டம் இல்லை. கார்த்திகையில் எந்த வளவின் வாசலில் தண்ணீர் நிற்கும் என்பதற்கும் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆவணித் திருவிழாவுக்கு வருகிறார்கள், அப்படியே காணியும் பார்க்கிறார்கள். அப்போது மண்டூர் முழுவதும் காய்ந்து கிடக்கும்; கிறவல் றோட்டில் புழுதி பறக்கும். விளம்பரப் படங்களும் அந்த வெயிலில் எடுத்தவையே.

சட்டத்தில்தான் உண்மையான வேடிக்கை. விரலால் தட்டி வங்கிக் காசு அனுப்பலாம். காணியை அனுப்ப முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காணி கைமாற வேண்டுமென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். மின்னணுக் கொடுக்கல் வாங்கலுக்கென்று 2006இல் கொண்டுவந்த சட்டமும் அசையாச் சொத்து விற்பனையைத் தன் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. அடுத்தது, படுவான்கரையில் பல காணிகள் பெர்மிட் காணிகள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி கொடுத்தவை. அரசின் சம்மதம் இல்லாமல் அவற்றை விற்றால் அந்த எழுத்து செல்லாது. விளம்பரப் படத்தில் பெர்மிட் காணியும் உறுதிக் காணியும் ஒரே பச்சைதான்.

பத்து வருடம் தடையின்றி ஆண்டவனுக்கே காணி என்பது 1871இல் இருந்து வரும் ஆட்சி உரிமைச் சட்டம். யுத்தத்தில் ஓடிப்போனவர்களின் வளவில் வேறு ஆட்கள் இருந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அதற்காகவே 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை பயங்கரவாத நடவடிக்கைகளால் தன் உரிமையைக் கேட்க முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக் கூடாது என்றது. இப்படிப்பட்ட பின்கதையை வானத்தில் இருந்து எடுத்த படத்தில் தேட முடியாது. அயலில் உள்ள கிழவிக்குத் தெரியும்.

பொறாமையும் எனக்கு உண்டு. தமிழ்நாட்டில் வில்லங்கத்தையும் பட்டாவையும் வீட்டில் இருந்தபடியே அரசின் இணையத்தில் பார்க்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று எங்களுக்கும் முழுதாக வந்தால், விலை சொல்லும் செயலிகள் அத்தனையையும் அழித்துவிட்டு அதை மட்டும் வைத்திருப்பேன். கூகுள் எர்த்தையும் குறை சொல்லமாட்டேன். பழைய ஆண்டுகளின் படங்களை அதில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் வேலி நகர்ந்ததும் தெரியும், வயல் மேடானதும் தெரியும். தரகர் ஒருபோதும் காட்டாத காட்சி அது.

மருமகனின் காணி என்னவாயிற்று? நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, "எந்த நாட்டுக் கடவுச்சீட்டு?" இவனிடம் இருந்தது கனடாக் கடவுச்சீட்டு மட்டும், இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதைத் தடுத்திருக்கிறது. அடுக்குமாடியில் நான்காம் மாடிக்கும் அதற்கு மேலும் அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்தது. மண்டூரில் நான்காம் மாடிக்கு எங்கே போவது? கடைசியில் அவன் காசை ஊரில் இருக்கும் தன் தங்கச்சிக்கே கொடுத்துவிட்டான். வளவு அவளின் பெயரில் எழுதப்பட்டது. நாளைக்கு அவளுடைய மகளுக்குச் சீதனமாகப் போகும். 1876இல் ஒழித்த முக்குவர் சட்டத்துக்கு 2014இன் சட்டம் இந்த உதவியைச் செய்தது.

இங்கே காணி பார்க்க நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செயலிகள் அனைத்தையும் போட்டு வைத்திருங்கள், தவறில்லை. ஆனால் முற்பணம் கொடுக்க முன்னர் பெர்மிட்டா உறுதியா என்று கேளுங்கள். மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் நொத்தாரிசை வைத்துத் தேடுங்கள். மார்கழி மழையில் ஒருமுறை வந்து நில்லுங்கள். குடையும் கொண்டுவாருங்கள்.