எடை குறைக்கும் அண்ணன்

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், பணம் கட்டினால் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம் என்கிற நாட்களில் இவரைப் பார்க்கலாம். வந்து இறங்கியதும் முதல் வேலை, காரிலிருக்கும் மேட்டுகளை உருவி எடுப்பது. அடுத்து டிக்கியிலிருந்து ஜாக்கி, குடை, அண்ணி மறந்து வைத்துவிட்டுப் போன கட்டைப்பை. டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரைச் சற்று யோசனையாகப் பார்ப்பார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவரை மட்டும் விட்டுவிடுவார்.

கழற்றியதையெல்லாம் எடைபோட வீட்டிலிருந்து மிஷினும் கொண்டுவந்திருப்பார். "பதினோரு கிலோ கொறஞ்சிருச்சுங்க!"

கார் 2,200 கிலோ. மின்சாரக் கார்; பேட்டரி மட்டுமே அரை டன். அண்ணனும் சதமடிக்க இரண்டு கிலோ பாக்கி. அவருடைய எடை மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

வாயைத் திறந்தால் ஜெர்மனிப் பந்தயத் தடம்தான். "நூர்பர்க்ரிங்ல போர்ஷே டைகான் டர்போ ஜிடி 7 நிமிஷம் 7 செகண்டுல சுத்துச்சே, எப்படீங்க? பின்சீட்டையே கழட்டி வீசிட்டானுங்க!" சீட்டைக் கழற்றிய பிறகும் அது இரண்டு டன்னுக்கு மேல் என்பதையும், உச்சத்தில் ஆயிரம் குதிரைக்கு மேல் சேர்ந்து இழுக்கும் என்பதையும் நாம்தான் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நேர்ப்பாதையில் அண்ணனை யாரும் நெருங்க முடியாது. மோட்டார் மிதித்த கணத்திலேயே முழு பலத்தையும் கொடுத்துவிடும். எடை தெரியவே தெரியாது. ஆனால் சுற்று இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அதில் பாதி வளைவு. பேட்டரி தரையோடு தரையாகக் கிடப்பதால் கார் அதிகம் சாயாது, உண்மைதான். ஆனால் பாரம் இரட்டித்தால் டயரின் பிடிப்பும் இரட்டிப்பதில்லை. கார் நேராகப் போகவே விரும்பும்.

சரி, பிரேக் இருக்கிறதே? மோட்டாரே வேகத்தை மின்சாரமாக்கித் திருப்பி வாங்கிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அண்ணனோ ராத்திரியெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார். பந்தியில் வயிறு நிறைந்தவன் இலையை மூடுவது போல, நிரம்பிய பேட்டரி வாங்க மறுத்துவிடும். அத்தனை வேகத்தையும் பிரேக் பேடுதான் விழுங்க வேண்டும்.

மூன்றாவது சுற்றில் தீய்ந்த வாடை. சூடு தாங்காமல் கார் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத 650 கிலோ மாருதி 800 ஒன்று ஹாரன்கூட அடிக்காமல் முந்திக்கொண்டு போகும். மாருதி எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டியவர் கரிவரதன். அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் இதுவும் ஒரு நியாயம்தான்.

"வெளி ஓரம் நார்நாராப் போயிருச்சுங்ணா," என்பான் டயர்க்காரப் பையன்.

அண்ணன் குனிந்து உள்ளே துழாவுவார். "பாத்தியா? பின்னாடி மேட்டு ஒண்ணு கழட்டாம கெடந்திருக்குது!"

ஒரு நாள் சாயங்காலம் ஜாக்கி, குடை, கட்டைப்பை, எடை மிஷின் எல்லாம் திரும்பக் காரில் ஏறின. நானும் கதவைத் திறந்தேன்.

"நீங்க எத்தனை கிலோங்க?"

"அறுபத்திரண்டு."

திரையைப் பார்த்தார். பேட்டரி பன்னிரண்டு சதவீதம்.

"நீங்க பஸ்ஸுல வந்துருங்க."