ஒட்டுவதும் உரிவதும்

உலகத்தில் எந்த ஸ்டிக்கர் எளிதில் உரிய வேண்டுமோ அது உரிவதில்லை, எது உரியக் கூடாதோ அது தானாகவே விழுந்துவிடுகிறது என்பது, எவர்சில்வர் தம்ளர் வாங்கி, அதன் விலைச்சீட்டைத் தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், நகம் ஆகிய மூவகை ஆயுதங்களாலும் சுரண்டிப் பார்த்த எந்தக் குடும்பஸ்தருக்கும் தெரிந்த விஷயம். நோட்டுப் புத்தகத்தின் பெயர்ச்சீட்டோ, அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே சந்நியாசம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஆகவே, தான் வரைந்த பூனைகளை ஸ்டிக்கராக்கி விற்கப் போவதாகச் சொல்லி, "பெரியப்பா, நீங்களும் வாங்க" என்று என் தம்பி மகள் அழைத்தபோது, இந்தப் பிரபஞ்ச அநீதிக்குக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உத்தேசத்துடனேயே புறப்பட்டேன். திருவல்லிக்கேணிச் சந்தில் இருந்த கடைக்காரர், எடுத்த எடுப்பிலேயே, "எந்த வினைல்னு அப்புறம் பேசலாம் சார், பார்ட்டி எதுமேல ஒட்டுவாங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

அவருடைய உபதேசத்தின் சாரம் இது: ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் தகடாகிய வினைலில் இரு வகை; சூடான உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்கப்படும் காலண்டர்ட் வினைல் விலை மலிவு, ஆனால் பலவந்தமாக நீட்டப்பட்ட அவமானத்தை மறவாமல், பழைய அளவுக்கே சுருங்கிவிட வேண்டும் என்ற ரகசிய சங்கற்பத்துடன் இருப்பதால், ஹெல்மெட்டின் வளைவில் ஓரம் தூக்கிவிடும். கூழாக ஊற்றி உலர்த்தப்படும் காஸ்ட் வினைலோ, ஏறத்தாழ 50 மைக்ரான் கனத்தில், எவர்மீதும் பகையின்றிப் பிறந்த சாது, விலைதான் சாதுவானதல்ல. லேப்டாப் மூடிக்கு மலிவானதே போதும். கம் மட்டும் ரிமூவபிளாக, அதாவது உரித்தால் விட்டுவிடுவதாக, இருக்க வேண்டும்.

வினைல், பசை இரண்டின் ஜாதகமுமே விசித்திரமானது. 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் ரப்பர் கம்பெனியில், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்குப் பசை தேடிய வால்டோ செமோன் என்ற ரசாயன நிபுணருக்கு, ஒட்டாத, ஆனால் வளைந்துகொடுக்கும் வினைல் வாய்த்தது. 1968-இல் த்ரீஎம் கம்பெனியில் பலமான பசை தேடிய ஸ்பென்சர் சில்வருக்கோ, ஒட்டிவிட்டு மரியாதையாக விலகிக்கொள்ளும் பலவீனமான பசை வாய்த்தது. பசை விஷயத்தில் மனித சங்கற்பம் பலிப்பதே இல்லை போலும்.

ஸ்டிக்கர் முதலில் உரிய வேண்டியது பின்தாளிலிருந்து. அதில் சிலிக்கோன் பூச்சு இருப்பதால் பசை பிடிவாதம் செய்வதில்லை. நகத்துக்கு விளிம்பு அகப்படாததுதான் சிரமம். அதற்கு நிவாரணம் 'ஹாஃப் கட்'. கத்தி வினைலை மட்டும் அறுத்துப் பின்தாளை விட்டுவிட வேண்டும். பூனையைச் சுற்றிச் சிறிது தாள் மிச்சமிருந்தால், அதை மடக்கிய மாத்திரத்தில் பூனை தலை தூக்கும். மயிரிழை ஆழம் அதிகமானாலும் தாளும் கூடவே கிழிந்து வரும். "லேமினேஷனுக்கு அவசரப்படாதே பாப்பா, மை ஒரு நாளாவது காயணும்" என்றும் கடைக்காரர் எச்சரித்தார்; மூடிய படலத்துக்குள் அடைபட்ட கரைப்பான், பசையை இளக்கி ஓரத்தைச் சுருட்டிவிடுமாம்.

வாங்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உரிக்கும்போது, தலைமுடி உலர்த்தும் கருவியால் சற்றுச் சூடேற்றி, ஓரத்தை மடக்கிப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். ரிமூவபிள் கம்மானாலும் வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தால் இறுகிவிடும். எனவே பூனை சலித்துப்போன அன்றே உரித்துவிடுங்கள்.