பின்னே போய் முன்னைச் சேர்தல்: சிஸ்டம் ரீஸ்டோர் குறித்து ஓர் ஆராய்ச்சி

கோளாறான கணினியைப் பழைய நல்ல நிலைக்குக் கொண்டுபோகும் வித்தையை 'சிஸ்டம் ரீஸ்டோர்' என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் 2000ஆம் ஆண்டு விண்டோஸ் மி பதிப்போடு வெளியிட்டது. தமிழறிஞர்கள் இதை இதுவரை தீண்டாததற்குக் காரணம் இலக்கணச் சிக்கலாகத்தான் இருக்க வேண்டும். மூன்று நாளைக்கு 'முன்' இருந்த நிலைக்குக் கணினி 'பின்'னோக்கிப் போகிறது என்கிறோம். மற்ற மொழிக்காரர்களுக்கு இது ஒரு பொத்தான். நமக்கு அப்பட்டமான முன்னுக்குப் பின் முரண். இம்முரணைத் தீர்த்துவைத்த பழந்தமிழ் நூல் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கு தேடியும் அது கிடைக்கவில்லை என்பதே அது இருந்து தொலைந்ததற்குச் சான்று. இதைவிட மெலிந்த சான்றை வைத்துக்கொண்டு நூல்களின் காலத்தை ஐந்நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பின்னுக்குத் தள்ளத் தள்ள நூல் முந்தியதாகிவிடுகிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்க.

தொலைந்த அந்நூலின் துணிபு இது: ரீஸ்டோர் செய்தால் கணினி பின்னே போவதில்லை, வீடு மட்டும் பழையதாகிறது, குடியிருப்பவர் இன்றையவராகவே இருக்கிறார் என்ப. ('என்ப' என்று முடித்துவிட்டால் யார் சொன்னது என்று கேட்கக் கூடாது என்பது நம் மரபு.) ரெஜிஸ்ட்ரி, டிரைவர், சிஸ்டம் கோப்புகள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவையே பழைய தேதிக்குத் திரும்புகின்றன. உரிமையாளர் எழுதிய கடிதம், எடுத்த படம், போட்ட தப்புக் கணக்கு எதையும் ரீஸ்டோர் தொடுவதில்லை. கர்மவினையை இவ்வளவு துல்லியமாக அமல்படுத்தும் மென்பொருள் வேறில்லை.

இனத்தை வகுப்பது ஆய்வு நெறி. ஃபார்மட் என்பது துறவறம். ரீசெட் என்பது வானப்பிரஸ்தம். ரீஸ்டார்ட்டை மட்டும் அப்படி ஒரு சொல்லில் கடந்துவிட முடியாது. பெங்களூரு ஐ.டி. அலுவலகங்களில் எந்த நோய்க்கும் முதல் மருந்து 'ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பதுதான். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தால் கோளாறு வந்தபோது, தன் அஷூர் மேகச் சேவையில் ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட்டே இதைப் பரிந்துரைத்தது. 15 முறை வரை தேவைப்படலாம் என்றும் சொன்னது. ஏன் 15? 'பதினாறும் பெற்று' என்று வாழ்த்துகிற மரபில் வந்தவர்களுக்கு விடை வெளிச்சம். பதினாறு பேறுகளில் ஒன்றைப் பறிகொடுத்தவரே ரீஸ்டார்ட் செய்ய வருகிறார், ஆகவே 15. பதினாறில் எது போயிற்று என்பதில் தொலைந்த நூலின் உரைகாரர்கள் இருவர் வேறுபடுகிறார்கள். முதலாமவர் பொறுமை என்கிறார். இரண்டாமவர் முதலாமவருக்குக் கணினியும் தெரியாது, கணக்கும் தெரியாது என்கிறார். இரு உரைகளும் தொலைந்துபோனதால் சர்ச்சை இன்றும் உயிரோடிருக்கிறது.

ரீஸ்டார்ட்டே போதும், ரீஸ்டோர் எதற்கு என்று கேட்போர் அந்த ஜூலை 19, வெள்ளிக்கிழமையைப் பார்க்க வேண்டும். இந்திய நேரப்படி காலை 9.39க்குப் பிழையான கோப்பு வெளியானது. 10.57க்கு நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. இடைவெளி 78 நிமிடம். அதற்குள் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. திரும்பப் பெற்ற செய்தி அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எட்டவில்லை, ஏனென்றால் மயங்கிக் கிடப்பவன் காதில் மருந்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஆள் ஒருவர் போய்க் கணினியை சேஃப் மோடில் ஏற்றி, 291 என்ற எண்ணுள்ள கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வட்டில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதற்கும் முன்னால் 48 இலக்கச் சாவி வேண்டும். தேவனஹள்ளி கெம்பேகவுடா விமான நிலையத்தின் முதல் முனையத்தில் அன்று செக்-இன் கையால் நடந்தது. நாட்டின் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸையே பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்: பயணியின் பெயர், இருக்கை எண், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து. மின்சாரம் கேட்காத அந்தப் பேனாவே ஆய்வுலகம் அறிந்த மிகப் பழைய ரீஸ்டோர் பாயின்ட்.

ரீஸ்டோரில் வீடுதான் மாறும் என்ற துணிபுக்குப் பெங்களூரு நகரமே அடுத்த சான்று. 2014 நவம்பர் 1 அன்று 'பெங்களூர்' அரசாணைப்படி 'பெங்களூரு' ஆனது. எந்தத் தேதிக்குத் திரும்பினோம்? கி.பி. 890 வாக்கிலான பேகூர்க் கல்வெட்டில் பெங்களூருப் போர் என்று வருகிறது. ஆனால் மக்கள் சொல்லும் கதையில், 12ஆம் நூற்றாண்டு ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு (கன்னடத்தில் 'பெந்த காளு') கொடுத்த பிறகுதான் ஊருக்குப் பெயரே வருகிறது. பயறு வேகுமுன்பே பெயர் வெந்துவிட்டது. எதுவாயினும் பெயர் பழையதாயிற்று. சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசல், பயனரின் சொந்தக் கோப்பாதலால், ஒரு அங்குலமும் நகரவில்லை.

அப்படியானால் ஊரை முழுதாகவே 1537க்கு, ஊரை நிறுவிய கெம்பேகவுடாவின் ஏரிகள் நிறைந்த நிலைக்கு, ரீஸ்டோர் செய்யலாமே என்பார் சிலர். ஆசை நியாயமானது, அறிவு போதாது. ஒதுக்கிய இடம் நிறைந்தால் விண்டோஸ் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டைத்தான் முதலில் அழிக்கும். பெங்களூருவும் இடம் போதாமல் அதையே செய்தது: தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆயிற்று, சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆயிற்று. அழித்த தகவல் மழைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. 2022 செப்டம்பரில் அது யாரையும் கேட்காமல் ரீஸ்டோரை ஓட்டிவிட, வெளிவட்டச் சாலைப் பக்கத்து ஐ.டி. ஊழியர்கள் கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் லேப்டாப் பையுமாக டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். தொலைந்த நூலின் கடைசி இயல் டிராக்டரைப் பற்றியது என்ப.