கேட் பாஸ் வைத்திருக்கும் திருடன்

தென்னாப்பிரிக்காவின் அரசு மின் நிறுவனம் எஸ்காம். அதன் தலைமை அதிகாரியாக இருந்த ஆந்த்ரே டி ரய்டர் 2022 டிசம்பரில் அலுவலகத்தில் காபி குடித்தார். அதில் சயனைடு கலந்திருந்ததாகப் பிறகு சொன்னார். அந்த விஷம் சுவரேறிக் குதித்து வரவில்லை, கோப்பையில் வந்தது. ஆனாலும் ஒரு பாதுகாப்பு ஆலோசகரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், சுற்றுச்சுவரை இரண்டடி உயர்த்தச் சொல்வார். உயர்த்துகிற ஒப்பந்ததாரரின் விசிட்டிங் கார்டும் அவர் பையிலேயே இருக்கும்.

எஸ்காமில் திருட்டு எப்படி நடந்தது? நிலக்கரி லாரி வழியில் நல்ல கரியை இறக்கிவிட்டு, கல்லும் கழிவுமாக ஏற்றிக்கொண்டு வரும். எடைமேடையில் எடை சரியாக இருக்கும். கல்லை எரித்து மின்சாரம் எடுக்கத் தெரியாதது கொதிகலனின் குற்றம்! 2021 நவம்பரில் லெத்தாபோ நிலையத்தில் நிலக்கரி கன்வேயருக்கு மின்சாரம் தரும் கோபுரத்தின் தாங்குகம்பிகளை அறுத்துச் சாய்த்தார்கள். எதுவும் திருடு போகவில்லை. மறு ஆண்டு காம்டன் நிலையத்தில் பேரிங் எண்ணெய் அடைப்பைக் கழற்றிய குற்றச்சாட்டில் கைதானவர், பராமரிப்புக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளி. சில நூறு ராண்ட் விலையுள்ள முழங்கால் உறையை 80,000 ராண்டுக்கு வாங்கிய கதை நாடாளுமன்றக் குழு வரை போனது. மேலிடத்தில் மண்டியிட்டே பிழைப்பவர்களுக்கு முழங்கால் விலைமதிப்பற்றதுதான்.

இவர்களில் யார் வேலி தாண்டியவர்? எல்லோரிடமும் கேட் பாஸ் இருந்திருக்கும். காவலாளி சல்யூட் அடித்து அனுப்பியிருப்பார்.

நிறுவனத்தை நிமிர்த்த வந்த ஆலோசகர்கள் யோக்கியமா? மெக்கின்சியும் அதன் உள்ளூர்க் கூட்டாளி டிரில்லியனும் சேர்ந்து சுமார் 160 கோடி ராண்ட் வாங்கினார்கள். சேமித்துக் கொடுத்தால்தான் கூலி என்ற ஏற்பாடு. யாருக்குச் சேமித்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 2018-இல் மெக்கின்சி ஏறக்குறைய 100 கோடியைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஏற்பாடே செல்லாது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில், எஸ்காம் அதிகாரிகளுக்கும் அரசு ரயில், துறைமுக நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் அதிகாரிகளுக்கும் லஞ்சம் கொடுத்த வழக்கை முடிக்க, அமெரிக்க நீதித்துறையிடம் 12 கோடி டாலருக்கு மேல் கட்ட மெக்கின்சி ஒப்புக்கொண்டது. வேலி பயிரை மேய்வது பழைய கதை. இது, மேய்ந்த வேலிக்கு ஆலோசனைக் கட்டணமும் கொடுத்த கதை.

திருடர்களைத் துப்பறியவும் தனியார்தான் வந்தார்கள். முன்னாள் தேசியக் காவல்துறைத் தலைவர் ஜார்ஜ் ஃபிவாஸின் நிறுவனம் வேவு பார்த்தது. அதற்கு வணிகர் அமைப்பு ஒன்று சுமார் 1.8 கோடி ராண்ட் கொடுத்தது. ம்புமலாங்கா மாகாணத்தில் நான்கு திருட்டுக் கும்பல்கள் இருப்பதாகத் தகவல் வந்தது. அவற்றின் பின்னால் இருக்கும் அரசியல்வாதிகள் யார் என்று 2023 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு கேட்டது. டி ரய்டர் பெயர் சொல்ல மறுத்தார். அதற்கு முன்பே, பிப்ரவரியில், தொலைக்காட்சியில் ஊழலைப் பற்றிப் பேசிய கையோடு அவர் நாற்காலி பறிபோயிருந்தது. அடுத்து மின்நிலையங்களைக் காக்க ராணுவம். 880 வீரர்கள், 14.6 கோடி ராண்ட். துப்பாக்கியை ரசீதுக்கு நேராக நீட்டிப் பயனில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த ஆண்டுகளில் சாதாரண ஜனங்கள் மெழுகுவத்தி வாங்கினார்கள். 2022-இல் 200 நாளுக்கு மேல் மின்வெட்டு. மறு வருடம் அதைவிட மோசம். பிறகு 2024 மார்ச் 26 முதல் பத்து மாதம் விளக்கு அணையவில்லை. பழுதான யூனிட்டுகளைப் பழுது பார்த்தார்கள்; ஜனங்கள் தங்கள் காசில் கூரைமேல் சோலார் போட்டார்கள். ஸ்பானர் செய்ததை ஆலோசகர்களின் ஸ்லைடு செய்யவில்லை.

என் அறிக்கை இலவசம். ஆகவே யாரும் மதிக்கப்போவதில்லை. எடையோடு கரியையும் பார். கையெழுத்துப் போட்டவன் சொத்தைக் கணக்கெடு. புகார் சொன்னவன் உயிரைக் காப்பாற்று. பிடித்தவனைச் சிறைக்கு அனுப்பு, இடமாற்றத்துக்கு அல்ல. இவ்வளவையும் செய்ய ஆலோசகர் வேண்டாம், வெட்கம் போதும். வெட்கத்துக்கு யாரும் டெண்டர் விடுவதில்லை. அதில் கமிஷன் கிடையாது.