பாகுலா டேப்புகளின் உண்மையும் இன்மையும்: ஓர் அளவையியல் ஆராய்ச்சி

பாயிரம்: இவ்வாராய்ச்சியின் பொருள் காந்த டேப். எல்லை, சர்வர் ரூம் கதவு. பயன், பேக்கப் பார்ப்பவர் இரவில் வீடு போய்ச் சேர்வது.

சிக்கல்: 2000-இல் எழுதத் தொடங்கப்பட்ட பாகுலா என்னும் பேக்கப் மென்பொருள், எந்த டேப்பில் எது இருக்கிறது என்பதைக் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தில் குறித்துவைக்கும். பாதி எழுதிய டேப்பில் மேலும் எழுதுமுன் அதன் கடைசிவரை ஓடி, கோப்புக் கணக்கைச் சரிபார்க்கும். ‘டேப்பில் 56, கேட்டலாகில் 57’ என்று வந்தால் போயிற்று. எழுத மாட்டேன் என்று டேப்புக்கு ‘எர்ரர்’ முத்திரை குத்திவிடும். இதில் எந்தச் சாட்சியை நம்புவது?

மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் வரும் அளவைவாதி, உண்மையை அறியும் வழிகளான அளவைகளைப் பத்தாக எண்ணுகிறான். அவனுக்கு நேரம் இருந்தது. நமக்கு மூன்று போதும்.

உரை அளவை: கேட்டலாக் சொல்வதே வேதம் என்பது. கேட்ட நொடியில் பதில் வரும். மேலாளர்கள் பெரும்பாலும் இச்சமயத்தவர். குறை ஒன்றுதான்: தனக்குச் சொல்லப்பட்டதற்கு மேல் கேட்டலாக் ஒன்றும் அறியாது.

கருதல் அளவை: ஸ்டிக்கரைக் கண்டு டேப்பை ஊகிப்பது. ‘அப்டேட் ஸ்லாட்ஸ்’ என்று ஆணையிட்டால், டேப்புகளை அடுக்கிவைத்திருக்கும் லைப்ரரி தான் படித்த பார்கோடுகளை ஒப்பிக்கும். டேப் எதையும் டிரைவில் ஏற்றாது. பழைய ஸ்டிக்கரை உரிக்கச் சோம்பி அதன் மேலேயே புதியதை ஒட்டிய டேப்புகள் உண்டு. அவற்றின் வெளியே ஒரு பெயர், உள்ளே இன்னொன்று.

காட்சி அளவை: டேப்பை ஏற்றிப் படிப்பது. ‘அப்டேட் ஸ்லாட்ஸ் ஸ்கேன்’ ஒவ்வொன்றாக ஏற்றி உள்ளே எழுதிய பெயரைப் பார்க்கும். ‘பிஸ்கேன்’ டேப் முழுவதையும் படித்து, கேட்டலாக் பதிவுகளை மறுபடி உண்டாக்கும். ஐயத்துக்கே இடமில்லை, நேரத்துக்கும் இல்லை. 12 டெராபைட் கொள்ளும் எல்டிஓ-8 டேப்பை நொடிக்கு 360 மெகாபைட் என்ற முழு வேகத்தில் படித்தாலும் ஒன்பது மணி நேரம் தாண்டும்.

தடை: கேட்டலாகில் எண்ணைத் திருத்தி, ‘எர்ரர்’ என்பதை, மேலும் எழுதலாம் என்னும் ‘அப்பெண்ட்’ ஆக்கிவிட்டால் ஆயிற்றே?

விடை: மிகுதி எந்தப் பக்கம் என்று பார்த்துச் செய்க. டேப்பில் மிகுதி என்றால், எழுதும்போதே சர்வர் படுத்து, கேட்டலாக்குக்குச் சேதி போகாமல் இருந்திருக்கலாம். எண்ணைத் திருத்தினால் தீரும். கேட்டலாகில் மிகுதி என்றால், வராத சரக்குக்கு ரசீது இருக்கிறது என்று பொருள். அங்கே டிரைவின் அமைப்பையே சந்தேகிக்க வேண்டும். ‘பிடேப்’ கருவியால் சோதிக்கலாம். ஆனால் காலி டேப்பில் மட்டும். சோதனைக்காக அது டேப்பில் எழுதும். வழக்கில் உள்ள டேப்பைப் போட்டால் சாட்சியே அழிந்துபோகும்.

துணிபு: வலிமையில் காட்சி முதலாவது. நடைமுறையில் அது கடைசி; யாராவது ரீஸ்டோர் கேட்கும் அன்றுதான் நிகழ்கிறது. அதுவரை சந்தேகத்தின் பலனை டேப்புக்கே அளித்து, அதை ‘யூஸ்டு’ என்று குறித்து, வேறு டேப்பைப் போடுக. ‘யூஸ்டு’ டேப்பில் பாகுலா மேற்கொண்டு எழுதாது, கேட்டால் படித்துக் கொடுக்கும். கூடவே அதன் காப்புக்காலத்தையும் நீட்டிவைக்க வேண்டும். காலம் முடிந்தால் அதே டேப்பை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வதில் பாகுலாவுக்கு எந்த ஐயமும் கிடையாது.